எங்கே உட்கார்ந்து கேட்டோம்

கள ஆய்வுக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் பயிற்சியின் முதல் நாளிலேயே கேட்பது, "மேடம், செட்யூல் எத்தனை பக்கம்?" என்பதுதான். நியாயமான கேள்வி. ஒரு வீட்டில் முக்கால் மணி, ஒரு மணி நேரம் உட்காரப் போகிறவர்களுக்குச் சுமை எவ்வளவு என்று தெரிய வேண்டும். வினாநிரலின் பக்கக் கணக்கைச் சொல்லிவிட்டு, அச்சில் வராத ஒரு கேள்வியையும் நான் சேர்த்துக் கொடுப்பேன். அதன் பதிலை ஒவ்வொரு வீட்டுத் தாளின் மேல் ஓரத்திலும் பென்சிலால் எழுதி வைக்கச் சொல்வேன். எங்கே உட்கார்ந்து கேட்டீர்கள்? திண்ணையிலா, கூடத்திலா, அடுப்படி வாசலிலா, கொல்லையில் மாட்டுக்குப் பக்கத்திலா? நாற்காலி போட்டார்களா, பாய் விரித்தார்களா? கூட யார் நின்றார்கள்?

சமூகவியல், மானிடவியல் பாடநூல்களில் ஆய்வு முறைகள் என்ற அதிகாரம் மாதிரி எடுப்பு, வினாநிரல், நேர்காணல், பங்கேற்று உற்றுநோக்கல் என்று வரிசையாகப் போகும். அவை எல்லாம் வேண்டும். நானும் படித்தேன், பிறருக்குச் சொல்லியும் கொடுத்திருக்கிறேன். ஆனால் நம் ஊர்களில் ஒரு பதில் எவ்வளவு தூரம் நம்பத்தக்கது என்பதை முதலில் தீர்மானிப்பது நாம் உட்கார்ந்த இடம். முப்பது ஆண்டுகளுக்கு மேல் தஞ்சாவூர், புதுக்கோட்டைப் பக்கமும் திருவண்ணாமலை, விழுப்புரம் பக்கமும் வீடு வீடாக ஏறி இறங்கிய பிறகு இதை உறுதியாகச் சொல்கிறேன்.

இந்தத் தொழிலுக்குத் தமிழ்நாட்டில் நூறாண்டு தாண்டிய வரலாறு உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் இந்தியப் பொருளியலுக்கு முதல் பேராசிரியராக வந்த கில்பர்ட் ஸ்லேட்டர், 1916இல் தம் மாணவர்கள் கையில் கேள்விப் பட்டியலைக் கொடுத்துக் கிராமங்களுக்கு அனுப்பினார். தென்னார்க்காட்டு இருவேல்பட்டு, வடார்க்காட்டுத் தூசி, தஞ்சைப் பாலக்குறிச்சி, ராமநாதபுரம் ஜில்லாவில் வடமலைபுரம், திருநெல்வேலிப் பக்கம் கங்கைகொண்டான் என்று பல ஊர்களின் நிலம், கூலி, கடன், சாப்பாடு எல்லாம் எழுத்தில் ஏறின. 1918இல் அது புத்தகமாயிற்று. 1930களின் பிற்பகுதியில் பி.ஜே. தாமஸும் கே.சி. ராமகிருஷ்ணனும் அதே ஊர்களுக்கு மறுபடி ஆள் அனுப்பினார்கள். அந்த மறு ஆய்வு 1940இல் வெளிவந்தது. 1960களில் மார்கரெட் ஹாஸ்வெல் வந்தார். 1980களில் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தார் போனார்கள். இருவேல்பட்டுக்கு 2008இலும் ஆய்வாளர்கள் போய்வந்தார்கள். ஒரு பெரிய நிலக்கிழார் குடும்பத்தின் பிடியில் இருந்த ஊர் அந்தப் பிடியிலிருந்து எப்படி மெல்ல மெல்ல வெளியே வந்தது என்பதை அந்த வரிசை ஆய்வுகளில் படிக்கும்போது, இந்த வேலையில் இருப்பதே எனக்குப் பெருமையாக இருக்கும்.

அந்த முதல் புத்தகத்தைப் படிக்கும்போதெல்லாம் அதை எழுதிய மாணவர்களை நினைத்துக்கொள்வேன். 1916இல் கல்லூரி வரை எட்டிய பிள்ளைகள் பெரும்பாலும் எந்தத் தெருவில் பிறந்திருப்பார்கள் என்று ஊகிக்கப் பெரிய ஆராய்ச்சி வேண்டாம். அவர்கள் எந்தத் திண்ணையில் உட்கார்ந்து எழுதியிருப்பார்கள் என்பதும் அப்படியே. எழுதியதன் மதிப்பு இதனால் குறைந்துவிடாது. அதை எப்படி வாசிக்க வேண்டும் என்பதுதான் மாறுகிறது.

ஒரே ஊரைப் பத்தாண்டு, இருபதாண்டு கழித்து மறுபடி அளக்க வேண்டுமானால், அளவுகோல் மாறாமல் இருக்க வேண்டும். அங்கேதான் கருத்தாக்கம் என்று வகுப்பறையில் சொல்கிற விஷயம் தெருவுக்கு வருகிறது. எளிமையாகத் தெரியும் ஒன்றையே எடுத்துக்கொள்ளலாம்: குடும்பம். மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் தேசிய மாதிரி ஆய்வும் ஏறக்குறைய ஒரே இலக்கணம்தான் வைத்திருக்கின்றன. ஒன்றாக வாழ்ந்து, பொதுவான ஒரு சமையலில் சாப்பிடுகிறவர்கள் ஒரு குடும்பம். ரத்த உறவா, ரேஷன் கார்டு ஒன்றா என்பதெல்லாம் அப்புறம். அடுப்பைக் கேட்டால் போதும்.

திருவண்ணாமலைப் பக்கத்து ஊர் ஒன்றில் லிஸ்டிங், அதாவது வீட்டுப் பட்டியல், எடுத்துக்கொண்டிருந்தோம். சுண்ணாம்புக் கட்டியால் வாசற்கால்களில் எண் போட்டுக்கொண்டே வந்தபோது, மகன் வீட்டுச் சுவரோடு சேர்த்து இறக்கிய தாழ்வாரத்தில் ஒரு பாட்டி இருந்தார். மண்ணடுப்பு தனி.

"சோறு தனியா ஆயா?"

"அரிசி அவன் குடுக்கறான். கொழம்பு மருமவ ஊத்திடுவா. சோறு மட்டும் நான் வடிச்சிக்கறேன்."

"எதுனா சண்டையா?"

"சண்ட இன்னாத்துக்கு? எனுக்குப் பல்லு இல்ல, கொழையணும். அவங்களுக்குப் பொலபொலன்னு இருக்கணும்."

கார்டு தனி. முதியோர் உதவித்தொகை அவர் பேரில் வருகிறது. அதற்குத் தனிக் கார்டு தோதாக இருந்தது. மகனுக்கு இரண்டு ஏக்கர் கிணற்றுப் பாசனம். இப்போது பாட்டியைத் தனிக் குடும்பமாக எழுதினால் நிலமில்லாத, உழைக்க முடியாத, ஓராள் குடும்பம். அட்டவணையில் மிக ஏழையான வரிசையில் போய் நிற்பார். மகனோடு சேர்த்தால் இரண்டு ஏக்கர் விவசாயியின் தாய். ஆளும் அவர்தான், சோறும் அதே சோறுதான். அன்றைக்கு ராத்திரி தங்கியிருந்த பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்து இதைப் பற்றி நெடுநேரம் பேசினோம். சமையல் பொதுவா என்றால் பாதி பொது. கடைசியில் ஒரு விதி வைத்துக்கொண்டோம்: அரிசி யார் வாங்குவது என்று கேள், அந்த வீட்டோடு சேர், தனி அடுப்பு, தனிக் கார்டு என்பதை ஓரத்தில் எழுது. அந்த விதி சரியா என்று இன்றைக்கும் வாதாடலாம். ஆனால் அடுத்த முறை அதே ஊருக்கு வருகிறவர்களுக்கு நாங்கள் எப்படி எண்ணினோம் என்பது தெரியும். அது தெரியாமல் போனால், ஊரில் குடும்பங்கள் பெருகிவிட்டன, கூட்டுக் குடும்பம் சிதைந்துவிட்டது என்றெல்லாம் எழுதத் தோன்றும். கார்டு ஒன்றுக்கு ஒரு பொருள் என்று அரசு கொடுக்கும்போது, 2006க்குப் பிறகு வண்ணத் தொலைக்காட்சி கொடுத்த மாதிரி, கார்டு பிரிவதற்கும் குடும்பம் பிரிவதற்கும் நடுவில் நிறைய இடைவெளி வந்துவிடுகிறது.

இனி உட்காரும் இடத்துக்கு வருகிறேன். ஊருக்குள் போனதும் பஞ்சாயத்துத் தலைவர் வீட்டில் சொல்லிவிட்டுத்தான் வேலையை ஆரம்பிக்க வேண்டும். அது மரியாதை, பெண் பிள்ளைகளோடு போகும்போது பாதுகாப்பும்கூட. அங்கே காபி கொடுப்பார்கள். பிறகு, "நம்ம ஆளைக் கூட அனுப்பறேன், தெரு காட்டுவான்" என்பார்கள். அந்த ஆள் காலனிக்கும் கூட வருவார். சிக்கல் அங்கே ஆரம்பிக்கிறது.

தஞ்சாவூர்ப் பக்கத்து ஊர் ஒன்றில் நடவுக் கூலி கேட்டேன். காலனி முகப்பில் எனக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தார்கள். பதில் சொல்லும் பெண் நின்றுகொண்டிருந்தார். கூட வந்த ஆள் மரத்தடியில் பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தார். கேட்டதற்கெல்லாம் தட்டாமல் பதில் வந்தது. கூலியும் அரசு அறிவித்த கூலிக்குப் பக்கத்திலேயே இருந்தது. இரண்டு நாள் கழித்து, சாயங்காலம், நடவு முடித்துக் குளித்துவிட்டுப் பெண்கள் வாசலில் உட்காரும் நேரத்தில் நான் மட்டும் போனேன். அதே பெண் பாய் விரித்தார். இருவரும் தரையில் உட்கார்ந்தோம். அவர் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார், நானும் முறத்தில் கை வைத்தேன். நான் கூலிப் பேச்சை எடுக்கவில்லை; அவரே எடுத்தார். முன்பணம் வாங்கியிருந்தால் அந்தப் பருவம் முழுக்கக் கூலியில் ஒரு பகுதி பிடித்துக்கொள்வார்கள். நடவு மட்டும் என்று கூப்பிட்டு நாற்றுப் பறிப்பையும் சேர்த்து வாங்கிவிடுவார்கள். கணக்குப் பண்ணிப் பார்த்தால் கைக்கு வந்தது முதலில் சொன்னதில் பாதிக்குச் சற்று மேல். முதல் நாள் அவர் பொய் சொன்னார் என்று எடுத்துக்கொள்வது தவறு. அந்த இடத்தில் பேசக்கூடியதைப் பேசினார்.

இந்தத் துறையின் பெரிய ஆய்வாளர்களுக்கும் இது தெரிந்திருந்தது. ஆந்திரே பெத்தேய் 1961-62இல் தஞ்சை மாவட்டத்தில் ஆய்வு செய்து, 1965இல் சாதி, வர்க்கம், அதிகாரம் பற்றிய புகழ்பெற்ற நூலை வெளியிட்டார். அவர் தங்கியது அக்கிரகாரத்தில். அதனால் மற்றத் தெருக்களில் தம்மால் எவ்வளவு தூரம் போக முடிந்தது என்பதையும் அவர் மறைக்கவில்லை. 1948இல் மைசூர் வட்டாரத்து ராம்புராவுக்குப் போன எம்.என். சீனிவாஸ் ஊர்த் தலைவருடைய இடத்தில் தங்கினார். ஆதிக்கச் சாதி என்ற கருத்தாக்கத்தைத் துல்லியமாக எழுதியவர் அவர். எண்ணிக்கை, நிலம், ஊர்ப் பஞ்சாயத்தில் வாக்கு எல்லாம் ஒரே சாதியிடம் சேரும்போது சடங்கில் அதற்கு மேலே யார் இருந்தாலும் ஊரை நடத்துவது அந்தச் சாதிதான் என்று காட்டினார். அவர் தங்கிய இடத்துக்கும் அந்தக் கருத்துக்கும் தொடர்பு உண்டு என்பது என் எண்ணம். ஆதிக்கம் எப்படி இயங்குகிறது என்பது தலைவர் வீட்டு வாசலில் நன்றாகத் தெரியும். அந்த ஆதிக்கத்துக்குக் கீழே இருப்பது எப்படி இருக்கும் என்பதற்கு வேறு வாசலில் உட்கார வேண்டும்.

அதனால் எங்கள் குழுவில் வழக்கத்தை மாற்றினோம். தலைவரிடம் சொல்லிவிட்டு, லிஸ்டிங்கைக் காலனியிலிருந்தே தொடங்குவோம். முதல் தண்ணீரை அங்கே வாங்கிக் குடிப்போம். இது வெறும் நல்லெண்ணக் காரியம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆய்வு முறை இது. ஊரின் மேல் தெருவில் ஆரம்பித்துக் கீழே வந்தால், காலனிக்கு வரும்போது நாம் யாருடைய ஆள் என்பது முடிவாகியிருக்கும். இந்த வரிசையை மாற்றினால் மேல் தெருவில் விலை கொடுக்க வேண்டிவரும். "அங்கதான் மொதல்ல போனீங்களாமே" என்று ஒருவர் சொல்வார். ஒரு வீட்டில் உள்ளே கூப்பிடாமல் வாசலிலேயே நிற்கவைத்துப் பதில் சொல்வார்கள். அதையும் தாளின் ஓரத்தில் எழுதச் சொல்வேன், ஏனென்றால் அதுவும் தரவு.

நாம் கேள்வி கேட்கப் போகிறோம் என்று நினைக்கிறோம். நம்மைத்தான் முதலில் கேட்பார்கள். "எந்த ஊரும்மா? அங்க எந்தத் தெரு? குலசாமி எது?" மூன்று கேள்வியில் சாதி தெரிந்துவிடும். அனுபவப்பட்ட எந்த ஆய்வாளராலும் இவ்வளவு சிக்கனமான வினாநிரல் எழுதிவிட முடியாது. நான் பிறந்தது ஊர்த் தெருவில். காலனியில் கேட்டபோதும் அதை மறைத்ததில்லை. மறைத்தால் நாலாம் நாள் தெரிந்துவிடும், அதற்குப் பிறகு ஒரு பதிலும் பதிலாக இராது. சொன்ன பிறகு ஒரு முறை கிடைக்கும். சின்ன வயதில் பாப்பா, பிறகு அக்கா, இப்போது பெரியம்மா. அந்த முறைக்குத் தக்க பேச்சு வரும். கல்யாணம் ஆவதற்கு முன் என்னிடம் யாரும் பிரசவம் பற்றிப் பேசவில்லை. இரண்டு பிள்ளைகளுக்குப் பிறகு இறந்த குழந்தைகளைப் பற்றிக்கூடப் பேசினார்கள்.

முறை என்றதும் வம்சாவளியைச் சொல்ல வேண்டும். லூயிஸ் ஹென்றி மார்கன் 1871இல் உலக உறவுமுறைகளைத் தொகுத்தபோது, தமிழ் உறவுப் பெயர்களை இங்கிருந்த மிஷனரிமார்கள் மூலம் வாங்கி, அமெரிக்கப் பழங்குடியான செனெக்காவினரின் முறையோடு ஒப்பிட்டார். அப்பாவின் அண்ணன் தம்பியும் அப்பா வகை, அம்மாவின் அண்ணன் தம்பி மட்டும் மாமா என்று நமக்கு மூன்று வயதில் படிந்துவிடுவது அவருக்குப் பெரிய கண்டுபிடிப்பு. டபிள்யூ.எச்.ஆர். ரிவர்ஸ் 1901-02இல் நீலகிரியில் தோடர்களிடம் ஆளுக்கு ஆள் வம்சாவளி வாங்கி, அதைக் கொண்டே திருமணம், சடங்கு, சொத்து எல்லாவற்றையும் ஆராய்ந்தார். அவருடைய நூல் 1906இல் வந்தது. முக்கோணம் ஆண், வட்டம் பெண், இரட்டைக் கோடு திருமணம் என்று வம்சாவளிப் படத்தை இன்றும் வரைகிறோம்.

ஆனால் யாரிடம் வாங்குகிறோம் என்பதைப் பொறுத்துப் படம் மாறும். கூடத்தில் ஒரு பெரியவரிடம் கேட்டேன். "கூடப் பொறந்தவங்க நாங்க மூணு பேரு." மூன்று முக்கோணம் போட்டேன். மோர் கொடுக்க உள்ளே கூப்பிட்ட அவர் மனைவி, "ரெண்டு நாத்தனார் இருக்காங்களே, அவங்கள எழுதலையா?" என்றார். பெரியவருக்கு மறதி இல்லை. சொத்து, பங்காளி என்ற நினைப்பில் கணக்குச் சொன்னவர் பங்காளிகளை மட்டும் சொன்னார். தமிழ்நாட்டில் 1989ஆம் ஆண்டின் திருத்தத்திலிருந்து பெண்பிள்ளைகளுக்கும் பரம்பரைச் சொத்தில் சம உரிமை உண்டு. நாடு முழுவதும் 2005இல் வந்தது. சட்டத்தில் பங்கு வந்ததே தவிர, கூடத்தில் சொல்லும் வம்சாவளியில் வட்டம் விழவில்லை. அந்த இரண்டு நாத்தனாரும் விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்திருந்தார்கள் என்பதும் அடுப்படியில்தான் தெரிந்தது. அதிலிருந்து எந்த வீட்டிலும் வம்சாவளியை இரண்டு இடத்தில் வாங்குவது எங்கள் வழக்கமாயிற்று. இரண்டும் பொருந்தாத இடத்தில்தான் ஆய்வுக்கு வேலை இருக்கிறது.

வேலை என்ற கேள்வியிலும் இதே கதைதான். "நீங்க என்னம்மா வேலை பாக்கறீங்க?" என்றால், புல்லுக்கட்டை இறக்கிக்கொண்டே, "நான் சும்மாதாங்க இருக்கேன், வீட்டுல" என்பார். தேசிய மாதிரி ஆய்வின் குறியீட்டில் 92 என்றால் வீட்டு வேலை மட்டும். 93 என்றால் வீட்டு வேலையோடு விறகு, தீவனம் சேகரிப்பது, தைப்பது முதலானவையும். அவசரக்காரர்கள் 92 போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவார்கள். சுவரில் தொங்கும் பால் சங்க அட்டை கணவர் பேரில் இருக்கும். நான் 'வேலை' என்ற சொல்லையே எடுப்பதில்லை. நேற்று விடியற்காலையிலிருந்து சொல்லச் சொல்வேன். எழுந்தது, சாணி அள்ளியது, கறந்தது, பாலைச் சங்கத்தில் ஊற்றியது, இட்லி, பிள்ளைகள், நூறு நாள் வேலை வருகைப் பதிவு, வரும் வழியில் புல் அறுத்தது, மத்தியானம் மாட்டுக்குத் தண்ணி, மறுபடி கறவை. எழுதி முடித்து வாசித்துக் காட்டினால் அவருக்கே வியப்பாக இருக்கும். 1998-99இல் ஆறு மாநிலங்களில் மத்திய அரசு நேரப் பயன்பாட்டு ஆய்வு நடத்தியது. தமிழ்நாடும் அதில் ஒன்று. அந்த முறை பரவலாக வர இன்னும் இருபதாண்டு ஆயிற்று. நாடு முழுவதற்கும் 2019இல்தான் நடந்தது.

இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த ஆவணம் மொய் நோட்டு. பேராவூரணி, கீரமங்கலம் வட்டாரத்தில் ஆடி, ஆவணி மாதங்களில் மொய் விருந்து நடக்கும். கல்யாணமோ காதுகுத்தோ வேண்டியதில்லை, விருந்தே மொய்க்காக. பந்தலில் கறிச்சோறு, ஓரத்தில் ஊர் ஊராக மேசை. ஒவ்வொரு மேசையிலும் எழுத ஒருவர், எண்ண ஒருவர், ஒரு பெட்டி. இப்போது கணினியும் ரசீதும் வந்துவிட்டன. வீட்டுக்காரர் அனுமதியோடு ஒரு மேசையில் எழுதுகிறவர் பக்கத்தில் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறேன். ஊர், தகப்பனார் பெயர், ஆள் பெயர், தொகை. எழுதுகிறவர் பழைய நோட்டைப் புரட்டி, மொய் வைக்க வந்தவர் முன்பு வாங்கியது எவ்வளவு என்று பார்த்துக்கொள்வார். வாங்கியதைத் திருப்பிச் செய்ய வேண்டும். அதற்கு மேல் கொஞ்சம் வைக்க வேண்டும். அந்தக் 'கொஞ்சம்' புதுக் கடனாக எதிர்ப்பக்கம் ஏறும். கணக்கு ஒருநாளும் நேராகாது. நேராகிவிட்டால் உறவு முடிந்தது என்று பொருள். மார்செல் மாஸ் 1925இல் கொடை பற்றி எழுதிய கட்டுரையின் மையம், கொடுப்பதும் வாங்குவதும் திருப்பிச் செய்வதும் கடமை என்பது. அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க நான் பசிபிக் தீவுகளுக்குப் போவதில்லை. ஒரு மொய் நோட்டைத் திறந்து வைத்தால் போதும்.

செட்யூலின் கடன் பகுதியில் இது எவ்வளவு பெரிய ஓட்டை என்று பாருங்கள். "கடன் இருக்கா?" என்று கேட்டால், "ஒரு பைசா கிடையாது" என்பார்கள். கூட்டுறவு, குழுக் கடன், நகைக் கடன், மீட்டர் வட்டி என்று ஒவ்வொன்றாகக் கேட்டால் ஒன்றிரண்டு வெளிவரும். "செய்முறை பாக்கி எவ்வளவு?" என்று கேட்டால் முகம் மாறும். லட்சக் கணக்கில் தொகை வரும். ஆனால் அது கடன் என்று அவர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். பாகப்பிரிவினையில் மட்டும் அண்ணன் தம்பிகள் நோட்டையும் பிரித்துக்கொள்வார்கள், எந்த ஊருக்கு யார் செய்ய வேண்டும் என்று.

மேசைப் பக்கம் உட்கார்ந்தபோது தொகைகள் தெரிந்தன. கொல்லையில் பாத்திரம் கழுவும் பெண்களோடு உட்கார்ந்தபோது அந்தத் தொகை எங்கிருந்து வந்தது என்று தெரிந்தது: யாருடைய வளையல் அடகுக்குப் போயிற்று, யார் இரண்டு ஆட்டை விற்றார்கள். மேசையில் எழுதிய பெயர்களில் பெண்கள் அபூர்வம். கணவனை இழந்த ஒரு அம்மா செய்த மொய், பள்ளிக்கூடம் போகும் மகன் பெயரில் ஏறியது. அவரிடம் தனியாக ஒரு நோட்டு இருந்தது. நாற்பது பக்கப் பள்ளி நோட்டு, மகள் கையெழுத்து. எனக்குக் காட்டினார். முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி. அதற்குக் கீழே: கடைக்காரர் மக சடங்குக்கு 200, நாங்க செஞ்சது. பெரியாயி வீட்டுக் கிரகப்பிரவேசம் 500, அரிசி ஒரு மரக்கா. மேலத்தெரு சித்தப்பா, வரலை. தொகை இல்லாமல் "வரலை" என்று மட்டும் எழுதியிருந்த வரிகள் பல இருந்தன. அவை கணவர் இறந்த பிறகு அவர் வீட்டில் நடந்த விசேஷத்தைப் பற்றியவை. யார் வரவில்லை என்பதையும் அவர் கணக்கில் வைத்திருந்தார். எங்கள் செட்யூலில் அதற்கு ஒரு கட்டம் கிடையாது. அடுத்த ஆய்வில் போட்டுக்கொண்டோம்: கடந்த விசேஷத்தில் எதிர்பார்த்து வராதவர்கள் எத்தனை பேர், என்ன உறவு.

அந்த மாதிரி நோட்டைக் கையில் வாங்கும்போது பொறுப்பும் கூட வருகிறது. நான் தொகை, உறவு, தெரு மட்டும் எழுதிக்கொள்வேன், பெயர் எழுத மாட்டேன். ஸ்லேட்டர் மாணவர்கள் ஊர்ப் பெயரை அப்படியே எழுதினார்கள். அதனால்தான் மறு ஆய்வுகள் நடந்தன. கேத்லீன் காஃப் 1951இல் தஞ்சாவூருக்கு வந்து ஆராய்ந்த ஊருக்குக் கும்பப்பேட்டை என்று புனைபெயர் வைத்தார்; பெத்தேய் தாம் ஆராய்ந்த ஊருக்கு வைத்த ஸ்ரீபுரம் என்ற பெயரும் புனைபெயர்தான். ஊர்ப் பெயரைச் சொல்வதற்கும் மறைப்பதற்கும் காரணம் உண்டு. ஊர்ப் பெயரைச் சொல்லலாம், ஆள் தெரியக்கூடாது என்பது என் நிலைப்பாடு. ஆனால் மொய், கடன், சாதிச் சண்டை எழுதும்போது ஊர்ப் பெயரையும் மாற்றுவேன். ஒரு சின்ன ஊரில் "கணவனை இழந்தவர், ஒரு மகன், ஒரு மகள், மேலத்தெரு" என்றால் பெயர் எதற்கு?

குறிப்பு எழுதுவது அன்றன்றைக்கே முடிய வேண்டும். சீனிவாஸ் பல ஆண்டுகளாகச் செப்பனிட்டு வைத்திருந்த ராம்புராக் குறிப்புகள் 1970இல் அமெரிக்காவில், ஸ்டான்ஃபோர்டில் அவர் இருந்த ஆய்வு மையத்துக்கு வைத்த தீயில் எரிந்துபோயின. அதன் பிறகு நினைவிலிருந்தே எழுதி 1976இல் ஒரு நூலாக்கினார். அதைப் படித்தால் நினைவு எவ்வளவு வைத்திருக்கும் என்று வியக்கலாம். அந்த நினைவு எல்லோருக்கும் வராது. இப்போது டேப்லெட்டில் கேட்கிறார்கள். கூட்டல் பிழை போயிற்று, தாண்டக்கூடாத கேள்வியைத் தாண்ட முடியாது, எந்த இடத்தில் நின்று கேட்டார் என்பதைச் செயற்கைக்கோள் சொல்கிறது. எல்லாம் நல்லது. ஆனால் தாளுக்கு இருந்த ஓரம் திரைக்கு இல்லை. அதனால் பிள்ளைகளிடம் சின்ன நோட்டு ஒன்றைக் கூடவே கொடுத்து அனுப்புகிறேன்.

ஆய்வு முடிந்ததும் அட்டவணைகளை ஊரில் வாசித்துக் காட்டுவது எங்கள் குழுவில் கட்டாயம். அதையும் இரண்டு இடத்தில் செய்வோம். ஊர்ச் சாவடியில் வாசித்தால் காலனிக்காரர்கள் வந்து உட்கார்ந்து பேச மாட்டார்கள். தஞ்சாவூர்ப் பக்கம் நான் சொன்ன அந்த ஊரில் நடவுக் கூலி அட்டவணையை முதலில் சாவடியில் வாசித்தோம். "இவ்வளவு கம்மியா யார் குடுக்கறா? முன்பணம் குடுத்ததெல்லாம் கணக்குல வரலையே" என்று கொதித்தார்கள். அது நியாயமான ஆட்சேபம். முன்பணத்துக்கு அவர்கள் வட்டி போடவில்லை என்பதை நாங்கள் சேர்த்துக்கொண்டோம். மறுநாள் காலனியில், அம்மன் கோயில் வாசலில் வாசித்தோம். "இவ்வளவு எங்க குடுத்தாங்க? நாத்துப் பறிச்சது எந்தக் கணக்கு?" என்று பெண்கள் கேட்டார்கள். அதையும் எழுதிக்கொண்டோம். அறிக்கையில் இரண்டு எண்களையும் எந்தத் தெருவில் கேட்டது என்று குறிப்பிட்டு அச்சடிக்க முடிவு செய்தோம். சராசரி போட்டால் போதுமே என்று சொன்னவர்கள் உண்டு. அந்தச் சராசரியை யாரும் கொடுக்கவும் இல்லை, யாரும் வாங்கவும் இல்லை, அதனால் போடவில்லை.

இரண்டு தெருக்காரர்களும் ஒன்றில் மட்டும் ஒத்துப்போனார்கள். கூலியைப் பற்றிக் கோடையில் வந்து வீட்டில் உட்கார்ந்து கேட்காதே, நடவு நடக்கும்போது வந்து வரப்பில் நின்று கேள் என்றார்கள். அடுத்த சுற்றை ஐப்பசிக்கு மாற்றிக்கொண்டோம்.